பழைய போர்தோ ஒயினில் மண்டி கலங்கினால்: என் அனுபவம்

20 வருஷம் படுக்கவைத்தபடியே கிடந்த பாட்டில், பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின். முதல் கிளாஸ் தெளிவு, மூன்றாவது ஒரே கலங்கல். நாக்கில் நறநறப்பு, தொண்டையில் கசப்பு. ஒயின் கெடவில்லை. நிறமியும் டானினும் (துவர்ப்பு தரும் பொருள்) ஒன்றுசேர்ந்து கனத்து அடியில் படிந்த மண்டிதான் அது. எடுத்த கையோடு திறந்தது என் தப்பு.

அடுத்த பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தேன். பழைய கார்க்கில் திருகு போட்டால் நடுவில் பொடிந்து பாதி உள்ளே விழலாம். இரண்டு தகடு உள்ள திறப்பானை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, முறுக்கியபடியே இழுத்தால் முழுசாக வரும்.

பிறகு இறுப்பது. பாட்டிலின் தோளுக்கு, அதாவது கழுத்து தொடங்கும் வளைவுக்கு, கீழே டார்ச்சை எரியவிட்டு, ஒரே சாய்ப்பில் டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் மண்டி கிளம்பிவிடும். போர்தோ பாட்டிலின் உயர்ந்த தோள் இங்கேதான் கைகொடுக்கிறது: மண்டி அதில் தேங்கும். புகை போல ஓர் இழை கழுத்துக்குள் நுழைந்ததும் நிறுத்தினேன். அரை கிளாஸ் வீண், போகட்டும்.

இளசான கேபர்னே சாவினியோன் திராட்சைக் கலவை ஒயினை டிகாண்டரில் 2 மணி நேரம் விடலாம், துவர்ப்பு இளகும். பழசுக்கு அது ஆகாது, வாசனை பறந்துவிடும். இறுத்த உடனே, 16–18 டிகிரி செல்சியஸில் ஊற்றிவிட வேண்டும்.