உயிரியல் பூங்காவில் முதலில் புலி, பிறகு பாம்பு

வெப்பமண்டலத்தில் உள்ள திறந்தவெளி உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்பவர்கள், திறந்தவுடனேயே உள்ளே நுழைந்து, வாசலை ஒட்டிய கூண்டுகளில் நேரத்தைச் செலவிடாமல் புலி, சிங்கம், கரடி இருக்கும் பகுதிக்கு நேராகச் சென்றுவிட்டு, பாம்புப் பண்ணையையும் மீன் காட்சியகத்தையும் நண்பகலுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. பெரும்பூனைகள் வெயில் ஏறுவதற்கு முன்புதான் அதிகம் நடமாடும். அவை புதர் நிழலில் படுத்துவிட்டால், குழந்தைகளின் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆடும் வால்நுனி மட்டுமே. கூரையின்கீழ் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாம்புகளுக்கும் மீன்களுக்கும் இந்த நேரக்கணக்கு பொருந்தாது (பாம்புகள் எப்படியும் பெரிதாக அசைவதில்லை); உச்சிவெயிலில் நமக்கும் சற்று நிழல் கிடைக்கும். மேகமூட்டமோ சாரலோ உள்ள நாளில் இந்த வரிசை தேவைப்படாது. உணவு கொடுக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கும் பூங்காவில் அந்த நேரத்தையே பின்பற்றலாம்.