வி-கிராஸ் பிக்கப்புக்கு ரீமேப்பா, டியூனிங் பாக்ஸா? பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸுக்கு இழுவை கூட்ட வேண்டும் என்று விசாரித்தால் மூன்று பொருள்களைச் சொல்வார்கள்: பெடல் பாக்ஸ், டியூனிங் பாக்ஸ், இசியூ (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) ரீமேப். மூன்றும் ஒரே வேலையைச் செய்யும், விலைதான் வேறு என்ற நினைப்பில் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒன்று வலுவே கூட்டாது. ஒன்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லிக் கூட்டும். ஒன்று கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றும்.

கீழே உள்ளவை 2016-இல் இங்கே வந்த 2.5 லிட்டர் டீசல் வண்டியை (134 பிஎஸ் வலு, 320 என்எம் டார்க் என்னும் முறுக்குவிசை) மனத்தில் வைத்து எழுதியவை. 1.9 லிட்டர் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) வண்டிக்கும் (163 பிஎஸ், 360 என்எம்) பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அதில் டிபிஎஃப் என்னும் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. புகை கூடினால் அது வெளியே தெரியாது, வடிகட்டிக்குள் கரியாகச் சேரும். அதனால் பிஎஸ்6-க்கு எல்லாவற்றையும் ஒரு படி குறைத்தே கேளுங்கள்.

படி 1: இப்போது வண்டி என்ன செய்கிறது என்று பதிவு எடுங்கள்

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் சொருகி, இசியூ தரும் அளவுகளைப் போனில் காட்டும் அடாப்டர் ஒன்று வேண்டும். மலிவான ஈஎல்எம் 327 நகல்கள் செக் லைட் படிக்கப் போதும், பதிவெடுக்கப் போதாது. ஐந்தாறு அளவுகளை ஒன்றாகக் கேட்டால் நொடிக்கு ஒரு புள்ளிகூடச் சரியாக வராது. ஓபிடிலிங்க், விலிங்கர் மாதிரி அடாப்டர் வாங்குங்கள். ஆப்புக்கு கார் ஸ்கேனர் நன்றாக இருக்கிறது, டார்க் ப்ரோவும் பரவாயில்லை.

எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடாகட்டும். ஏசி நிறுத்துங்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், மூன்றாம் கியரில், 1,500 ஆர்பிஎம்மில் இருந்து 3,800 வரை பெடலை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம், வேகம், மேப் சென்சார் (உள்காற்றின் அழுத்தம்), மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவு), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்), உள்காற்று வெப்பம் ஆகிய ஆறும் பதிவாக வேண்டும். போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை. ஒரு திசையில் மட்டும் எடுத்தால் காற்றும் லேசான சரிவும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

மேப் சென்சார் காட்டுவது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து. 230 கிலோபாஸ்கல் என்றால் டர்போ தருவது (பூஸ்ட்) ஏறத்தாழ 130 தான். ஊட்டி போன்ற உயரத்தில் வெளிக்காற்றே 78 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். அதே 230-ஐ எட்ட டர்போ காற்றை 2.3 மடங்குக்குப் பதிலாக ஏறக்குறைய 3 மடங்கு அழுத்த வேண்டும், அதற்காக அதிக வேகத்தில் சுற்ற வேண்டும். பூஸ்ட் கூட்டி ரீமேப் செய்தவர்களின் டர்போ மலை ஏறும்போது சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். டியூனரிடம் "உயரத்துக்கான பூஸ்ட் வரம்பைத் தொட்டீர்களா?" என்று கேளுங்கள். தொடவே கூடாது.

பதிவில் பூஸ்ட் தடுமாறினாலோ, இலக்கை எட்டாமல் நின்றாலோ டியூனிங்கை மறந்துவிட்டு ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப், கரி படிந்த மேப் சென்சார், அடைத்த இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) ஆகியவற்றைப் பாருங்கள். ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ரேஸ் செய்யச் சொன்னால் கசிவு குமிழியாகத் தெரியும். ரீமேப் வேண்டும் என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இந்தப் பழுது பார்த்தாலே போதும்.

படி 2: உங்கள் குறை எதில் என்று பிரித்துப் பாருங்கள்

"மிதித்தால் உடனே வரவில்லை" என்பது ஒரு குறை. "சுமை ஏற்றி திம்பம் மலையில் ஏறும்போது மூன்றாம் கியர் தாங்கவில்லை" என்பது வேறு குறை.

முதல் குறைக்கு பெடல் பாக்ஸ். பெடல் சென்சாரின் சிக்னலைப் பெருக்கி அனுப்பும். 30 சதவீதம் மிதித்தால் 50 என்று இசியூவுக்குத் தெரியும். முழுதாக மிதிக்கும்போது எந்த வித்தியாசமும் இல்லை, பதிவெடுத்தால் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும். ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை, கழற்றினால் பழையபடி ஆகிவிடும். சேற்றிலும் மணலிலும் மட்டும் குறைந்த நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் தேவையில்லாமல் சுழலும்.

இரண்டாவது குறைக்குத்தான் மற்ற இரண்டும்.

படி 3: டியூனிங் பாக்ஸின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான பாக்ஸ்கள் ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவே உட்காரும். ரெயிலில் 1,350 பார் இருக்கும்போது "1,200 தான் இருக்கிறது" என்று இசியூவுக்குச் சொல்லும். குறைகிறதே என்று இசியூ அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது, அழுத்தம் கூடியதால் டீசல் கூடுதலாகப் போகும்.

எவ்வளவு கூடும்? பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1,200-க்குப் பதில் 1,350 என்றால் அழுத்தம் 12.5 சதவீதம் கூடுகிறது, டீசல் கூடுவதோ சுமார் 6 சதவீதம். 15 சதவீதம் கூடுதல் டீசல் வேண்டுமானால் அழுத்தத்தை 32 சதவீதம் ஏற்ற வேண்டும். பம்பும் இன்ஜெக்டரும் அந்தச் சுமையை நாள் முழுக்கத் தாங்க வேண்டும். 25 சதவீதம் வலு கூடும் என்று விற்கப்படும் எளிய பாக்ஸை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பூஸ்ட் சென்சாரையும் சேர்த்து இணைக்கும் விலை கூடிய வகைகள் இதைவிட மேல்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். பாக்ஸ் போட்ட பிறகு உங்கள் ஆப் காட்டும் ரெயில் பிரஷர் பொய். ஆப் இசியூவைத்தான் கேட்கிறது, இசியூவுக்கே பொய்தான் போகிறது. உண்மையான அழுத்தம் பாதுகாப்பு வால்வு திறக்கும் அளவை நெருங்கினாலும் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டாவது, டேஷ்போர்டில் மைலேஜ் கூடியதாகக் காட்டும். தான் கணக்கிட்ட டீசலைத்தான் இசியூ எண்ணும், கூடுதலாகப் போனது அதற்குத் தெரியாது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பாக்ஸ்தான் என்று முடிவு செய்தால்: சாவியை எடுத்து 15 நிமிடம் காத்திருங்கள். இசியூ உறங்கிய பிறகே கனெக்டரைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் பி0192 அல்லது பி0193 (ரெயில் பிரஷர் சென்சார் பிழை) கோடு விழும். அமைப்பை மிகக் குறைந்ததில் தொடங்குங்கள். கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள், மழைநீர் இறங்கினால் ஓடும் வண்டி வலுவைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். பி0087 (ரெயில் பிரஷர் மிகக் குறைவு), பி0088 (மிக அதிகம்) வந்தால் அமைப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டாம். பாக்ஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓபிடியில் சொருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் விளக்கு மினுக்கும் டப்பா இந்த வகையில் சேராது. அதற்குள் விளக்கைத் தவிர வேலை செய்யும் எதுவும் இல்லை.

படி 4: ரீமேப் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

நல்ல ரீமேப்பில் டார்க் வரம்பு, புகை வரம்பு, பூஸ்ட் இலக்கு, ரெயில் பிரஷர், இன்ஜெக்‌ஷன் தொடங்கும் நேரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த மாறும். சோம்பேறி ரீமேப்பில் ரெயில் பிரஷர் மேப்பை (இசியூவுக்குள் உள்ள அளவு அட்டவணை) மட்டும் ஏற்றியிருப்பார்கள். அது பாக்ஸ் செய்யும் வேலையேதான், விலை மட்டும் ரீமேப் விலை.

"என் வண்டியில் இருந்து படித்த ஒரிஜினல் ஃபைல் எனக்கு வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தர மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். எந்தக் கருவி, எழுதுவது ஓபிடி வழியா பெஞ்ச்சிலா (இசியூவைக் கழற்றி மேசையில் வைத்தா) என்பதையும் கேளுங்கள். அலியன்டெக் கெஸ், மேஜிக் மோட்டார்ஸ்போர்ட் ஃப்ளெக்ஸ் போன்ற அசல் கருவி இருப்பவரையே நான் பரிந்துரைப்பேன். நகல் கருவிகள் செக்சம் (ஃபைலைச் சரிபார்க்கும் எண்) தவறி இசியூவைப் பாதியில் நிறுத்திவிடும்.

டைனோ (வலு அளக்கும் கருவி) தாள் காட்டினால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்: என்எம்மை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பிஎஸ். தாளில் உள்ள எண்கள் இதற்கு ஒத்துவராவிட்டால் அது வெறும் விளம்பரம். 2.5 லிட்டர் வண்டிக்கு 155–160 பிஎஸ், 370–380 என்எம் போதும். அதற்கு மேல் போனால் கிளட்ச்தான் முதலில் கையை விரிக்கும்.

இஜிஆரையும் டிபிஎஃபையும் "ஆஃப்" செய்து தருகிறேன் என்பவரைத் தவிருங்கள். பிஎஸ்4-க்கும் அதற்குப் பிந்திய டீசலுக்கும் புகைச் சோதனை வரம்பு 50 ஹெச்எஸ்யு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது, 182ஏ(4) உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 5: எழுதும் நாள்

இசியூ கெடுவது பெரும்பாலும் மேப்பால் அல்ல, வோல்ட்டேஜால். இக்னிஷன் ஆனில், எஞ்சின் ஓடாமல், நீண்ட நேரம் நிற்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் 5 ஆம்பியர் சார்ஜர் இதற்குப் போதாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரின் மின்சாரம் சீராகவும் இருக்காது. 13.5 வோல்ட்டில் நிலையாக 50 ஆம்பியர் தரும் பவர் சப்ளை கேளுங்கள். பக்கத்து வண்டியில் ஜம்பர் ஒயர் போட்டுச் சமாளிப்பது வேண்டவே வேண்டாம். ஹெட்லைட், புளோயர், ஸ்டீரியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும். லேப்டாப்பின் ஸ்லீப்பும் அப்டேட்டும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். எழுதி முடியும் வரை கதவைத் திறந்து மூடாதீர்கள். நின்றுபோனால் பதறிச் சாவியை எடுக்க வேண்டாம், கருவியின் மீட்பு முறையை முதலில் ஓடவிடுங்கள்.

படி 6: அதே சாலை, அதே கியர், மறுபடி பதிவு

முதல் பதிவோடு ஒப்பிடுங்கள். பிறகு கிளட்ச். நான்காம் கியரில் 1,800-இல் முழு மிதி கொடுத்து, ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்துக்கொண்டே வாருங்கள். அந்த எண் மாறக் கூடாது. ஓபிடி வேகத்தை முழு எண்ணாகத்தான் தரும் என்பதால் ஒன்றிரண்டு சதவீத ஆட்டம் இருக்கும். 2,000–2,400 இடையில் 5 சதவீதம் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே டார்க்கைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள்.

அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் டர்போவுக்கு முன்னால் ஒரு ஈஜிடி (வெளியேறும் புகையின் வெப்பம்) மீட்டர் போடுங்கள். நீண்ட ஏற்றத்தில் 750 டிகிரியைத் தொட்டால் மிதியைக் குறையுங்கள்.

பின்சேர்க்கை: "சர்வீஸ் விட்டு வந்ததும் பழைய இழுவை போய்விட்டது" என்று பலர் கேட்டிருந்தார்கள். சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும். இசியூவின் சாஃப்ட்வேர் எண்ணை ரீமேப்புக்கு முன்னும் பின்னும் குறித்து வையுங்கள். சர்வீஸுக்குப் பிறகு எண் மாறியிருந்தால் பழைய ட்யூன் ஃபைலை அப்படியே திரும்ப எழுதக் கூடாது. புதிய சாஃப்ட்வேரைப் படித்து, அதன் மேல் மாற்றங்களைப் புதிதாகச் செய்ய வேண்டும்.