கத்தரி மஞ்சளானதற்குக் காரணம் என் உரமேதான்

மாடித் தோட்டத்துக் கத்தரிக்கு வீட்டு மட்கு உரத்தைத் தாராளமாகப் போட்டேன். 10 நாளில் அடியிலைகள் மஞ்சளாயின. பூச்சியோ என்று வேப்பெண்ணெய் தெளித்தேன், தண்ணீரைக் குறைத்தேன். 2 வாரம் வீண்.

அப்புறம் உரத் தொட்டிக்குள் கையை விட்டால், நடுவில் இன்னும் சூடு, அதாவது உரம் மட்கி முடியவில்லை! பிடித்துப் பார்த்தால் மரத்தூள் அப்படியே நறநறத்தது. தச்சுப் பட்டறையிலிருந்து நானே மூட்டையாக அள்ளி வந்தது. மரத்தூளை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது.

செடி வளர்க்கும் பைகளிலிருந்து உரத்தை வழித்தெடுத்துத் தொட்டியில் கொட்டி, சாணம் கரைத்து ஊற்றி, வாரம் ஒருமுறை கிளறி 2 மாதம் விட்டேன். செடிகளுக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்க்கவிட்டு ஊற்றினேன். மஞ்சள் இலை மஞ்சளாகவே உதிர்ந்தது. புதுத் தளிர் பச்சையாக வந்தது. அப்பாடா!

இப்போதெல்லாம் ஒரு கைப்பிடி உரத்தில் வெந்தயம் தூவி, அது ஒழுங்காக முளைத்தால்தான் உரம் மட்கிவிட்டது என்று பைக்குப் போடுகிறேன்.