புது போன் எடுக்கிறீர்களா? கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள்

நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் டெல்டாவில் பல வீடுகளில் புது போன் பேச்சு தொடங்கிவிடும். "நம்ம வீட்ல எப்பவும் இந்தக் கம்பெனிதான், மாத்த வேணாம்" என்பார் ஒருவர். "அந்தக் கம்பெனி போனா? நம்ம விவரமெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிடும்" என்பார் டீக்கடையில் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. முதல்முறை தாங்களே பார்த்து வாங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பழைய போனின் கேலரியைத் திறங்கள்

கோயில் திருவிழாவுக்கும் பேரப்பிள்ளை பிறந்தநாளுக்கும் நடுவில் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். கொள்முதல் நிலையத்துக்காக எடுத்த சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். பயிர்க் காப்பீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் அதே படங்கள் இன்னொரு தடவை. உங்கள் பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு, கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஏதோ ஒரு ஆப் போட்டோ பார்க்க அனுமதி கேட்டு, நீங்களும் எல்லாவற்றுக்கும் சேர்த்து சரி கொடுத்தால் இவையும் அதன் கைக்கு எட்டும். போன் எந்தக் கம்பெனி என்பது இங்கே கணக்கே இல்லை.

வேண்டாததை அழியுங்கள்; அழித்தது ட்ராஷ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் அழியுங்கள். ஆதாரை அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது அனுப்ப வேண்டி வந்தால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது.

படி 2: பழைய கம்பெனி எதைப் பிடித்து வைத்திருக்கிறது?

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் உள்ள படம், ஜிமெயிலில் சேமித்த போன் நம்பர்கள் இரண்டும் ஜிமெயில் கணக்கோடு வரும், எந்தக் கம்பெனி போனுக்கும். கம்பெனியே கொடுத்த கிளவுட் (இணையச் சேமிப்பு), நோட்ஸ், பூட்டு போட்ட ரகசிய ஃபோல்டர், இவைதான் தானாக வராது. மாறுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப் ஐபோனில் திறக்காது. ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியாக, புது ஐபோனை முதன்முதலாக செட்டப் செய்யும்போதே மாற்றிவிட வேண்டும்.

அப்புறம் சர்வீஸ் சென்டர். பழகிய கம்பெனியை விடாமல் இருக்க நான் ஒப்புக்கொள்கிற நியாயமான காரணம் இதுதான். டிஸ்ப்ளே உடைந்தால் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரை பஸ் ஏற வேண்டுமா, பக்கத்திலேயே முடியுமா என்று கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். மற்றபடி, "பழகிடுச்சு" என்பது ஒரு வாரத்தில் மாறிவிடும் பழக்கம்.

படி 3: வெளிநாட்டுப் பயத்தை அளந்து பாருங்கள்

2020 ஜூனில் மத்திய அரசு டிக்டாக், ஷேர்இட், யூசி பிரவுசர் உட்பட 59 ஆப்களைத் தடை செய்தது. தடை ஆப்களுக்குத்தான், போன்களுக்கு இல்லை. கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது, அதனால் நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்பதில் அதற்கு அக்கறை உண்டு. ஆப்பிள் பெரும்பாலும் போன் விற்றுச் சம்பாதிக்கிறது. 2021-லிருந்து ஐபோனில் ஒரு ஆப் மற்ற ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். அதே ஆப்பிள்தான், ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் மக்கள் பேசிய பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டது வெளியே வந்து 2019-ல் மன்னிப்பும் கேட்டது. எந்தக் கம்பெனிக்கும் கற்பூரம் காட்டத் தேவையில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும்? கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருஷம் என்று அறிவித்தார்கள். விலை குறைந்த மாடல்களில் இது பெரும்பாலும் குறையும். இந்த வருஷக் கணக்கு வழக்கமாக மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஆடி ஆஃபரில் தள்ளிவிடும் இரண்டு வருஷப் பழைய மாடல் ஏன் மலிவு என்று இப்போது புரியும்.

படி 4: கடையில் செட்டப் செய்ய விடாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பகோணமோ மன்னார்குடியோ, கடைத்தம்பி ஒரு கையில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டே மறு கட்டைவிரலால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், அக்ரீ என்று தட்டிக்கொண்டு போவார். உங்களுக்கு ஏற்கெனவே ஜிமெயில் இருக்கிறதா என்று கேட்காமலே புதிதாக ஒன்று போடுவார். பாஸ்வேர்டு உங்கள் பெயரும் 123-ம். அதையும் பில்லுக்குப் பின்னால் எழுதித் தருவார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அடுத்த ஆள் காத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் நீங்கள் எதற்கெல்லாம் சம்மதித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

"தம்பி, ஆன் ஆகுதா, கேமரா, ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துக் குடுங்க. மிச்சத்த வீட்ல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) பில்லில் உள்ள எண்தானா என்று மட்டும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க அந்த எண் வேண்டும்.

வீட்டில் உங்கள் பழைய ஜிமெயிலையே போடுங்கள். பயன்பாட்டு விவரத்தைக் கம்பெனிக்கு அனுப்பலாமா, உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டலாமா என்று வரும் பக்கங்களில் டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தாலும் போன் நன்றாகவே ஓடும். விளையாட்டு ஆப்களை வரிசையாகக் காட்டி இன்ஸ்டால் செய்யச் சொன்னால் ஸ்கிப். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் ஆட்ஸ் போய், விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணும் விளம்பர ஐடியை டெலிட் செய்யலாம்.

படி 5: அனுமதிகள்

ஆண்ட்ராய்டு 12 முதல் பிரைவசி டாஷ்போர்டு இருக்கிறது. கேமரா, மைக், இருப்பிடம் மூன்றையும் எந்த ஆப் எப்போது தொட்டது என்று அது காட்டும். டார்ச் ஆப்புக்கு இருப்பிடம் எதற்கு? எடுத்துவிடுங்கள். புதிய போன்களில் எல்லாப் போட்டோவுக்கும் பதிலாகத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் கொடுக்கும் வழியும் உண்டு. முதல் படியில் பார்த்த சிட்டாவும் பாஸ்புக்கும் அதனால் தப்பிக்கும்.

குறுவைக்கு உரம் வாங்கக் கை கடிக்கும் நேரத்தில் கடன் ஆப் லிங்க் வாட்ஸ்அப்பில் வரும். கடன் ஆப்கள் போன் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுப்பதை 2023-ல் கூகுள் பிளே ஸ்டோர் தடுத்துவிட்டது. அதனால்தான் ஆப்பையே ஏபிகே ஃபைலாக அனுப்பி, பிளே ஸ்டோருக்கு வெளியே வைத்து இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

படி 6: பழைய போனைக் கொடுக்கும் முன்

எக்ஸ்சேஞ்சோ, மச்சானுக்கோ, முறை ஒன்றுதான். பேக்கப் எடுங்கள். ஜிபே, போன்பேயிலிருந்து வெளியே வாருங்கள். கூகுள் கணக்கை ரிமூவ் செய்யுங்கள், ஐபோன் என்றால் தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை ஆஃப் செய்யுங்கள். அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட். கணக்கை எடுக்காமல் விட்டால் பழைய பாஸ்வேர்டு கேட்டுப் போன் நின்றுவிடலாம், மச்சான் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார். சிம்மோடு மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். போனை மட்டும் ரீசெட் செய்தால் கார்டில் உள்ள படங்கள் அப்படியே இருக்கும்.