ரோஹிங்கியா மக்களுக்காகத் தீர்மானம் எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

2017-ல் மியான்மர் ராணுவம் தன் நாட்டு ரோஹிங்கியா முஸ்லிம்களை விரட்டத் தொடங்கிய நாளான ஆகஸ்ட் 25 நெருங்கினால் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கமிருந்து யாராவது ஒரு தம்பி போன் போட்டு, "அண்ணே, ரோஹிங்கியா மக்களுக்கு சர்வதேச விசாரணை கேட்டு ஒரு தீர்மானம் எழுதித் தாங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எழுதித் தர எனக்குத் தயக்கம் இல்லை. ஆனாலும் ஜமாத்தோ மீனவர் சங்கமோ பங்குப் பேரவையோ, கையெழுத்துப் போடுகிறவர்களே உட்கார்ந்து எழுதினால்தான் நாளைக்கு யாராவது கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல முடியும்.

"சுயாதீன சர்வதேச விசாரணை வேண்டும்" என்ற வரி நமக்குப் புதிதில்லை. 2009-க்குப் பிறகு ஈழத்துக்காக நம் கரையில் எத்தனை பந்தலில் அதை எழுதிக் கட்டியிருக்கிறோம்! அதில் நான் கற்றது இதுதான்: எந்த அமைப்பு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத மனு முத்திரை வாங்கியதோடு சரி, அதற்கு மேல் நகராது.

முதலில் பெயர். "பர்மா முஸ்லிம்கள்" என்று எழுதாதீர்கள், ரோஹிங்கியா என்றே எழுதுங்கள். 1982 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களை நாடற்றவர்களாக்கிய மியான்மர், அந்தப் பெயரையே ஒப்புக்கொள்ளாமல் "வங்காளிகள்" என்கிறது.

அப்புறம், அந்த நாடே விசாரித்தால் ஏன் போதாது என்று ஒரு பத்தி. இதை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள், ஏனென்றால் எதிர்க்கேள்வி இங்கேதான் வரும். ரக்கைன் மாநிலத்தில் இன் டின் என்று ஒரு கிராமம். 2017 செப்டம்பர் 2 அன்று அங்கே 10 ரோஹிங்கியா ஆண்களைக் கொன்று ஒரே குழியில் புதைத்தார்கள். ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் அதைத் துருவிக்கொண்டிருக்கும்போதே கைதானார்கள். அந்தக் கொலைக்காக 7 ராணுவத்தினருக்குப் பத்தாண்டு கடுங்காவல் கொடுத்து, ஓராண்டு முடிவதற்குள் வெளியே விட்டுவிட்டார்கள். நிருபர்களோ 500 நாளுக்கு மேல் உள்ளே இருந்தார்கள். கொன்றவனைவிட எழுதியவன் அதிக நாள் சிறையில் கிடந்த நாட்டில் உள்நாட்டு விசாரணையை எப்படி நம்புவது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

சர்வதேச அளவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், அது தவறு. 2017 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஓர் உண்மையறியும் குழுவை அமைத்தது. அதன் தலைவர் மர்சூகி தருஸ்மன். ஆமாம், 2011-ல் இலங்கைப் போர் குறித்து வந்ததே 'தருஸ்மன் அறிக்கை', அதே தருஸ்மன்தான். கூட இருந்த இருவரில் ஒருவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. மியான்மர் இவர்களை உள்ளேயே விடவில்லை. வெளியே இருந்தபடி 875 பேரிடம் விரிவாகப் பேசி, செயற்கைக்கோள் படங்களை வைத்து எரிந்த ஊர்களை எண்ணி, ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங் உள்ளிட்டவர்களை இனப்படுகொலைக்காக விசாரிக்க வேண்டும் என்று 2018-ல் சொன்னார்கள். அதற்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடிவிட்டிருந்தார்கள்.

அந்தக் குழு திரட்டியதெல்லாம் இப்போது மியான்மருக்கான சுயாதீன விசாரணைப் பொறிமுறை என்கிற ஐ.நா. அமைப்பிடம் இருக்கிறது. அது சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும், யாரையும் தண்டிக்காது. இனப்படுகொலை ஒப்பந்தத்தை மீறியதாக காம்பியா நாடு 2019-ல் மியான்மர் மேல் தொடுத்த வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில் நாட்டுக்கு நாடு நடப்பது. ஆள்மேல் குற்றம் சாட்டுவது வேறொன்று, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். மியான்மர் அதில் உறுப்பினர் இல்லை, வங்கதேசம் உறுப்பினர். விரட்டப்பட்டவர்கள் எல்லை தாண்டி வங்கதேச மண்ணில் கால் வைத்தார்களே, அந்த வழியில்தான் நீதிமன்றம் உள்ளே நுழைந்தது. 2024 நவம்பரில் மின் ஆங் ஹ்லைங்கைக் கைது செய்ய வாரண்ட் கேட்டு அதன் வழக்குரைஞர் மனு போட்டார். இந்த மூன்றையும் குழப்பி எழுதினால், படிக்கிறவர் இரண்டாம் வரியிலேயே உங்களை ஒதுக்கிவிடுவார்.

ஆகவே "விசாரணை வேண்டும்" என்பதை உடைத்து எழுதுங்கள். விசாரணையாளர்களை ரக்கைனுக்குள் அனுமதிக்க வேண்டும், மியான்மர் விவகாரம் முழுவதையும் ஐ.நா. பாதுகாப்பு அவை குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், இதற்கு இந்தியா குரல் கொடுக்க வேண்டும். இந்தியா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் இனப்படுகொலை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள்.

நம் கரை கட்டாயம் சேர்க்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. டெல்லியில் பிடிக்கப்பட்ட சுமார் 40 ரோஹிங்கியாக்களைக் கப்பலில் கொண்டுபோய், லைஃப் ஜாக்கெட் மாட்டி அந்தமான் கடலில் இறக்கி நீந்திப் போகச் சொன்னதாக 2025 மே மாதம் புகார் எழுந்தது, மியான்மருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரிப்பதாக அறிவித்தார். அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன இலங்கைக் குடும்பங்கள், கைக்குழந்தையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புகாரை முழுதாக விசாரியுங்கள், மியான்மருக்கு யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்க நம்மைவிட உரிமை யாருக்கு?

இனி, சாட்சியம். சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அரிசி மூட்டையோடு போய் போனைத் தூக்கி வீடியோ எடுக்கக் கிளம்பாதீர்கள், தயவுசெய்து. இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமில் ஓர் அக்கா, சம்பவம் எப்போது நடந்தது என்றதற்கு "அம்மன் திருவிழா முடிஞ்ச மறுவாரம்" என்று சொன்னதை, படிவம் நிரப்பியவர் தானாக ஒரு தேதி போட்டு எழுதிவிட்டார். வேறொருவர் வேறு தேதி எழுதினார். பின்னால் ஓர் அலுவலகத்தில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து "இதில் எது பொய்?" என்று கேட்டார்கள். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றார், வாயே திறக்கவில்லை. அவர் எந்தத் தேதியும் சொல்லவில்லையே! அதனால் தேதி சொல்லாதவருக்குத் தேதி எழுதாதீர்கள். "ராணுவம்தானே சுட்டது?" என்று எடுத்துக் கொடுக்காமல், "அப்புறம் என்ன நடந்தது?" என்பதோடு நிறுத்துங்கள். அதைக்கூட அவர்களாகப் பேச வந்தால் மட்டும். பேரையும் முகத்தையும் வெளியிட வேண்டாம், ஊரில் மாட்டிக்கொண்ட சொந்தம் இருக்கும். வாக்குமூலம் கொடுக்க விரும்பினால் வக்கீல் வழியாக ஐ.நா. பொறிமுறைக்குப் போகட்டும். பத்துப் பேரிடம் பத்து விதமாகப் பதிவானால் நீதிமன்றத்தில் அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மனுவோடு ஒட்டவே கூடாது. 1971 வங்கதேசப் போரின் படத்தை எடுத்து, ரோஹிங்கியாக்கள் செய்த கொலை என்று மியான்மர் ராணுவம் தன் புத்தகத்திலேயே போட்டு 2018-ல் மாட்டிக்கொண்டது. நாம் ஒரு படம் தவறாகப் போட்டாலும் உண்மையான படங்களையும் சேர்த்துப் பொய் என்பார்கள்.

எழுதி முடித்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கலாம், ஆனால் வெளியுறவு அவர் கையில் இல்லை. எம்.பி.யிடம் நேரில் கொடுத்து, நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்துக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் தனித்தனியாக அனுப்பி, ரசீதுகளைத் தீர்மான நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ரசீது எண்ணைப் போட்டு அடுத்த கடிதம் எழுத வேண்டியிருக்கும்.