யாரிகதாகே ஏறுவோருக்கு: பிற்பகல் 3 மணிக்குள் தங்கும் குடிலில் இருங்கள்

ஜப்பானின் வட ஆல்ப்ஸில் 3,180 மீட்டர் உயர யாரிகதாகே சிகரத்துக்கு ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை போகலாம். அதற்கு முன்னால் யாரிசாவா பள்ளத்தாக்கில் பனி கிடக்கும். நடை தொடங்கும் இடமான கமிகோச்சிக்குச் சொந்தக் கார் போகாது. சவாந்தோவில் விட்டுவிட்டுப் பேருந்து பிடிக்க வேண்டும். கமிகோச்சியிலிருந்து யோக்கோ என்ற இடம் வரை 11 கிலோமீட்டர் நடை, ஏறக்குறைய சமதளம். அந்தச் சுகத்தை நம்பாதீர்கள். யாரிசாவா லாட்ஜில் இரவு தங்கினால், மறுநாள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம் காத்திருக்கிறது.

காலை 5 மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். முகட்டில் ஒதுங்க இடமே கிடையாது. பொழுது சாய்ந்து வருபவர்களைக் குடில்காரர்கள் கடிந்துகொள்வதும் உண்டு, நியாயந்தான்.

குடிலுக்கு முன்பதிவு அவசியம். ரொக்கம் வைத்திருங்கள், 100 யென் நாணயங்கள் கழிப்பறைக்கு உதவும். முகட்டுக் குடில்களில் மழைநீரைத்தான் சேமிப்பதால் தண்ணீருக்கும் காசு; கீழேயே 2 லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிரவைக்கும். உச்சிக்கு இரும்பு ஏணிகளில்தான் ஏற வேண்டும். பையைக் குடிலில் வைத்துவிட்டு, தலைக்கவசத்தோடு போங்கள். முதல் பயணத்திலேயே குறுகலும் ஆபத்துமான தாய்கிரெத்தோ முகட்டில் கால் வைக்க வேண்டாம்.