ஓட்டுக் கூரை போடப் போகிறீர்களா? ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

கடலூர் முதுநகரில் எங்களுடையது ஓட்டு வீடு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது தாழ்வாரத்தின் கடைசி வரிசை ஓடுகள்தான் முதலில் கிளம்பின. நடுக்கூரை அப்படியே இருந்தது. காற்று ஓரத்தின் அடியில் புகுந்துதான் ஓட்டைத் தூக்கும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் புதிதாக ஓடு போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை, ஓட்டைத் தேர்ந்தெடுப்பது. நாட்டு ஓடு மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்குவது. வீடு குளுகுளுவென்று இருக்கும். ஆனால் பூனை ஓடினாலே நகர்ந்துவிடும், அடிக்கடி பிரித்து அடுக்க வேண்டும், அந்தக் கை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய மங்களூர் ஓடு, பள்ளமும் மேடுமாக ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். முதன்முறை என்றால் இதையே போடுங்கள். ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, சுமார் 150 ஓடு பிடிக்கும். கூடுதலாக இருபது ஓடாவது வாங்கி வையுங்கள். வேறு அச்சில் செய்த ஓடு பின்னால் இந்தப் பள்ளத்தில் உட்காராது.

வாங்கும்போது ஓட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல் மூட்டால் தட்டுங்கள். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும். வேகாததும் விரிசல் விட்டதும் மொத்தென்று கேட்கும். இடித்த வீட்டுப் பழைய ஓடும் நல்லதுதான், காது, அதாவது மரத்தில் மாட்டும் அடிப்பக்கக் கொக்கி, உடையாமல் இருந்தால்.

அடுத்து மரம். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் தாராளமாகத் தாங்கும். ஆனால் சுவரில் பதியும் முனையில்தான் கரையான் ஏறும், அங்கே கட்டாயம் மருந்தடியுங்கள். ஓடு மாட்டச் சட்டத்தின் குறுக்கே அடிக்கும் மெல்லிய கட்டைதான் ரீப்பர்; அதன் இடைவெளியை வாய்க்கணக்கில் விடாதீர்கள். வாங்கிய ஓட்டையே வைத்து அளந்து அடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஓரம். கீழ் இரண்டு வரிசை, இரு பக்கவாட்டு, முகட்டை ஒட்டிய வரிசை: இவற்றின் காதிலுள்ள துளையில் செம்புக் கம்பி கோத்து ரீப்பரோடு கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி வேண்டாம். நம் உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்துப் பொடியாகிவிடும்.

பராமரிப்புக்குப் புரட்டாசிதான் கெடு. ஐப்பசி அடைமழையில் கூரையேற முடியாது. உச்சிவெயில் நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் பொட்டு தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் பொத்தல் இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் மரத்தோடு வழிந்து வந்து வேறிடத்தில் சொட்டும். முகட்டுச் சாந்தில் விரிசல் இருந்தால் பூசிவிடுங்கள்.

பள்ளத்தில் சேரும் வேப்பிலைச் சருகைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டுங்கள். அது அடைத்தால் தண்ணீர் எதிர்த்து ஏறி உள்ளே இறங்கும். ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல், ஏணியைக் கூரையில் படுக்க வைத்து அதன் மேல் போங்கள்.

உடைந்த ஓட்டை மாற்ற, மேல் ஓட்டின் அடியை இரண்டு விரற்கடை தூக்கி, பழையதை உருவி, புதியதைக் கீழிருந்து மேலாகத் தள்ளுங்கள். பிறகு மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். காது ரீப்பரில் மாட்டி நின்ற பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.